போண்டா, தடிமன் மட்டும்

எழுத்துருவுக்குப் போண்டா என்று பெயர் வைத்தேன்.
மெலிந்த வடிவம் உண்டா என்று கேட்டு எழுதுகிறார்கள்.
மெலிந்த போண்டா எந்தக் கடையில் விற்கிறது?
தடிமன் மட்டும்தான்.

முனை என்று ஒன்றே கிடையாது அதில்.
'ட'வின் மூலைகூட
ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கிய சோபா.
'கு' பெல்பாட்டம் போட்டுக்கொண்டு
எழுபத்தைந்தாம் வருஷத்து இசைத்தட்டு உறையிலிருந்து
இப்போதுதான் இறங்கியது போல நிற்கும்.
'லூ' தன் வாலைச் சுற்றிக்கொண்டு தூங்கும்.
'ஔ' மட்டும்
ஈஜிபுரா மேம்பாலம் மாதிரி
வெகுநாள் பாதியில் நின்றது.

பலூன், ஜாங்கிரி, குல்பி, டும் டும்
இவற்றை எழுதி எழுதித்தான் சரிபார்த்தேன்.
வேறு எதற்கு வாங்கப்போகிறார்கள்?

முதலில் ஒரு பல் மருத்துவர்.
பிறகு நாய் குளிப்பாட்டும் கடை,
கோரமங்களாவில் ஒரு மழலையர் காப்பகம்.
அப்புறம் கடன் கொடுக்கும் ஆப் ஒன்று:
'தவணை தப்பிடுச்சே, செல்லம்!'
என் 'செ' அங்கே கன்னம் உப்பிச் சிரித்தது.
அந்த மாத வாடகை அதில்தான் கட்டினேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, விவேக்நகர்.
பால் பாக்கெட்டோடு திரும்பும்போது
மின்கம்பத்தில் ஒரு ஃபிளெக்ஸ்.
கண்ணீர் அஞ்சலி.
என் போண்டாவில்.
ஆரஞ்சு நிழல் வேறு.

நின்றுவிட்டேன்.
மூன்று சுழி 'ண' இரண்டு பக்கத்தில் பக்கத்தில்,
ஆறு சுழியும் நெரிசல் பஸ்ஸில் போல முட்டிக்கொண்டு,
'ஞ்'சின் புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் ஏறி.
ஒருநாள்கூட இந்தச் சொல்லை நான் அடித்துப் பார்க்கவில்லை.
கீழே, தோற்றம் 1958, மறைவு 18.
இட்லி மேல் இட்லி வைத்த என் எட்டுகள்.
சவரியப்பன், டெம்போ உரிமையாளர்,
மீசைக்குள் சிரிக்கிறார்.
பெயருக்கு முன்னால் ஒரு வெற்றுக் கட்டம்.

கட்டம் என்றால்
நான் வரையாத எழுத்து.

ஃபிளெக்ஸ் கடை இம்தியாஸ் தலையைச் சொறிந்தான்.
'அவர் பொண்ணு கேட்டதுக்கா.
அப்பா சிரிச்ச மூஞ்சி,
அந்தக் கத்தி கத்தியா இருக்கிற எழுத்து ஆகாதுன்னுச்சு.
சிலுவை மட்டும் வரல.
பெட்டி விழுந்துச்சு.
அந்தப் பொண்ணு பாத்துட்டு,
பரவால்லண்ணே, அப்பாவும் பெட்டியிலதான இருக்காருன்னு சொல்லிட்டு
திடீர்னு அழுதுட்டுக்கா.
நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.'

பால் பாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
திட்டத்தான் போயிருந்தேன்,
காசு கொடுக்காமல் எடுத்திருக்கிறான் என்று.
அந்தப் பேச்சு எழவேயில்லை.

இரவு கணினியைத் திறந்தேன்.
குறிகளின் பட்டியலில்
அந்த இடத்துக்கு யாரோ வைத்த பெயர் குத்துவாள்.
நான்கு முனையையும் உருட்டினால்
ஆம்புலன்ஸ் கூட்டல் குறி ஆகிவிடுகிறது.
கையைச் சுருக்கினால் பொம்மை.
காலை நீட்டினால் மைல்கல்.
இரண்டு மணிக்கு
கொஞ்சம் புடைத்து, கொஞ்சம் சாய்ந்து,
எவரையும் குத்தத் தெரியாத ஒன்று வந்தது.
அதன் பக்கத்தில் சவரியப்பன் என்று அடித்துப் பார்த்தேன்.
பிறகு என் அப்பா பெயரை அடிக்கப் போய்
அழித்துவிட்டேன்.
அவர் காலையில் நடைக்குப் போயிருப்பார், நன்றாக இருக்கிறார்.

பதிப்பு 1.1, மாற்றங்கள்:
ஒரு குறி சேர்க்கப்பட்டது.
'ண்ணீ' இடைவெளி தளர்த்தப்பட்டது.
இம்தியாஸுக்கு இலவசம்.
மெலிந்த வடிவம் இன்னும் இல்லை.