குறைந்தது இருபத்தொன்று

டர்பனுக்கு வடக்கே, உம்லாங்கா மேட்டு ஆய்வகத்தில்
என் மேசைமேல் இரண்டு வட்டங்கள்.

ஒன்று வெள்ளைச் சுறாவின் முதுகெலும்பில் ஒரு கண்ணி.
எலும்பில்லை, குருத்து.
குளிப்பவர்களைக் காக்கக் கட்டிய வலையில்
செவ்வாயன்று மூச்சு முட்டிச் செத்தது.
தேநீர்க் கோப்பையின் வாயளவு.

மற்றது ஓக் மரத் துண்டு.
ஸ்டெலன்போஷ் நகராட்சியில் மரம் வெட்டும் பூபாலன்
கூரியரில் அனுப்பியிருக்கிறான்.
கடிதம் இல்லை. மரத்தூள் நிறைய.

ஓக்கை டச்சுக்காரர் நட்டது பீப்பாய்க்காக.
இங்கத்து வெயிலில் அது அவசரப்பட்டு வளர்ந்தது,
பீப்பாயில் வைன் ஒழுகியது.
இப்போது நிழலுக்கு நிற்கிறது, அணிலுக்குக் காய்க்கிறது.
சுறாவுக்கு அவசரமே கிடையாது.
தாயாவதற்கே முப்பது வயதாகும் என்கிறார்கள்.
பல் விழுந்தால் பின்வரிசை முன்னால் வரும்;
இலை விழுந்தால் ஓக் செப்டம்பர்வரை காத்திருக்கும்.

இரண்டும் வயதை வளையமாக எழுதுகின்றன.
அதுதான் என் சம்பளம்.

சுறாவில் பிறந்த கோடு தெளிவு.
முதல் குளிர்காலம், முதல் பெரிய தீனி
எல்லாம் விரல் வைக்கலாம்.
இருபத்தொன்றுவரை எண்ணினேன்.
அப்புறம் விளிம்பு. கோடுமேல் கோடு,
நுண்ணோக்கியே கண்ணைச் சுருக்குகிறது.
வாழ்ந்துகொண்டுதான் இருந்தது,
எழுதுவதை மட்டும் விட்டுவிட்டது.

ஓக் நேர்மாறு.
பட்டையோரம் சுத்தம். நடுவே பொந்து.
நட்ட கை, முதல் மழை, கன்றைக் கடித்த ஆடு
யாவும் கறையானுக்கும் காளானுக்கும் போய்விட்டது.
வெளியே மயிரிழையாய் ஒரு வளையம்:
வறட்சி ஆண்டு. நானும் அவனும்
ஒரு வாளியில் மாறிமாறிக் குளித்து,
மிஞ்சிய அழுக்குநீரை யார் கழிப்பறைக்கு ஊற்றுவது என்று
சண்டை போட்ட ஆண்டு.

அவனுக்கு அந்த வாளிதான் ஞாபகம்.
எனக்கோ அதற்கு முன்னால் எல்லாம்:
ஒரே பன்னியில் இரண்டு கரண்டி,
காற்றில் பறந்து கடலுக்குப் போன அவன் தொப்பி.
வக்கீல் கேட்டபோது
இருவரும் உண்மைதான் சொன்னோம்.

சுறாவட்டத்தை ஓக்கின் பொந்தில் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை. பொந்து பெரிது.

படிவத்தில் எழுதினேன்:
வயது, குறைந்தது இருபத்தொன்று.
ஓக்குக்குப் படிவம் இல்லை.
மரத்தூளைத் துடைக்க மனமில்லாமல்
அதன்மேலேயே கையெழுத்திட்டேன்,
பேனா இரண்டிடத்தில் தடுக்கியது.