ஒரு சொல்லுக்கு இவ்வளவு

அந்த வருஷம் குன்னூரில் எல்லாமே நேராக இருந்தது.
மேட்டுப்பாளையம் ரயில் சொன்ன நிமிஷத்தில்
மூச்சிரைத்து வந்து நின்றது.
மார்க்கெட் படிகளில் பிச்சைக்காரர்கள் இல்லை;
எங்கே போனார்கள் என்று கேட்கிற பழக்கமும் இல்லை.
தபாலாபீஸ் வரிசை நூல் பிடித்தாற்போல.
எனக்குப் பிடித்திருந்தது.
இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தந்தி கவுண்டரில் நான்.
கொலக்கம்பைப் பக்கத்து லயத்திலிருந்து
இறங்கி வந்தாள் அடைக்கம்மா.
கப்பலேறி இந்தப் பக்கம் வந்து நாலு வருஷம்.
கொழுந்துக் கறை போகாத விரல்களில்
முந்தி அவிழ்த்த சில்லறை.
மகன் நல்லையா
கவ்வாத்துக் கத்தியால் மேஸ்திரியை வெட்டியிருந்தான்.
பொய் வழக்கில்லை. அவளே சொன்னாள்.
விசாரணை பதினேழு நாளில் முடிந்தது;
அந்த வேகத்தைப் பேப்பரில் பாராட்டியிருந்தார்கள்.

கோடைக்கு ஊட்டியில் தங்கியிருந்த பெரிய இடத்துக்கு மனு.
அவள் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினேன்.
இருபத்தாறு சொல் வந்தது.
காசு பதினாலுக்குத்தான் இருந்தது.
நான் உதவினேன். அப்படித்தான் நினைத்தேன்.
'ஐயா'வை அடித்தேன்.
'காலில் விழுகிறேன்' போயிற்று.
'அவன் இன்னும் பார்க்காத பிள்ளைக்கு நாற்பது நாள்',
அதற்கே எட்டுச் சொல் ஆகும் தாயே.
'ஒரே மகன்' என்பதில் 'ஒரே'யை அடித்தேன்.
மகன் என்றால் போதாதா?
போதும் சாமி, என்றாள்.
மிச்சம் பதினைந்து பைசாவை
ரசீதோடு திருப்பிக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி ஹில்குரோவ் பக்கம் மலை சரிந்தது.
தண்டவாளத்தோடு கம்பியும் போயிற்று.
வழக்கமாக நாலு நாளாகும்.
அந்த வருஷம் வழக்கம் என்று எதுவும் இல்லை.
லாரி லாரியாக ஆள் இறக்கினார்கள்,
கூலி கேட்காத ஆட்கள்,
கேட்க முடியாத ஆட்கள்.
பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், மழையில்,
விடியுமுன் கம்பம் நட்டாயிற்று.
நானும் தூங்கவில்லை.
ஐந்து மணிக்குக் கம்பியில் உயிர் வந்தது.
உயிர் வந்தது என்றுதான் எங்கள் ஆபீசில் சொல்வோம்.

முதல் செய்தி, மேலிருந்து கீழே,
கோவைச் சிறைக்கு:
மனு நிராகரிக்கப்பட்டது குறித்த தேதியில் நிறைவேற்றவும்.
பழக்க தோஷம், எண்ணினேன்.
தமிழில் ஐந்து, இங்கிலீஷில் ஆறு.
அரசாங்கச் செய்திக்குக் கட்டணம் கிடையாது,
ஒன்றையும் அடிக்க வேண்டியதில்லை.
என் விரல் தடுமாறவில்லை.

குறித்த தேதி என்றால் மறுநாள்.

தேதி தப்பினால் வேறு தேதி குறிப்பார்கள், அவ்வளவுதான்,
என்கிறான் வக்கீலாக இருக்கும் என் மச்சான்.
இருக்கலாம்.
நாற்பது நாள் பிள்ளை
நாற்பத்து நாலு நாள் பிள்ளை ஆகியிருக்கும்.
தூக்கிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம்.

ஜூலையில் எனக்கு ஒரு சான்றிதழ்,
இயற்கைச் சீற்றத்திலும் கடமை தவறாமைக்காக.
கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.
யார் கையால் என்பதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

பிறகு ஆட்சி மாறியது.
ரயில் தாமதமாயிற்று.
பிச்சைக்காரர்கள் படிக்குத் திரும்பினார்கள், சிலர்.
நேற்றுகூட பஸ் ஸ்டாண்டில்
ஒருத்தன் வரிசையில் புகுந்து என் காலை மிதித்தான்.
'அந்தக் காலத்துல...' என்று
வாய்வரை வந்தது.
அடித்தேன்.
சட்டைப் பையில் சில்லறை கனத்தது.