எட்டு மஞ்சள்கள்

என்னிடம் ஒரு அட்டை இருக்கிறது.
அதில் எட்டு மஞ்சள்கள்.
முதலாவது நீர்விட்ட எலுமிச்சை,
எட்டாவது ஆறிப்போன சுலைமானி.
சிறுநீர் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ
அதை வைத்து உடம்பின் தாகம் சொல்லலாம்.
லேமினேட் செய்யப் பதினோரு திர்ஹாம்.

சார்ஜா, சஜா பக்கம் ஒரு கேம்ப்,
வியாழன் இரவு, மெஸ்ஸில் ரசம் கொதிக்கிறது.
மூன்றாமாண்டு மாணவி, நாற்பது படிவம்,
கூடவே கடிகாரம் பார்க்கும் சூப்பர்வைசர்.
அட்டையை நீட்டினேன்.
"பெயிண்ட் கம்பெனியா பாப்பா?"
மேசையே சிரித்தது. நானும்தான்.

மெடிக்கல் சீட் பதினான்கு மார்க்கில் போனது.
ஊருக்குப் போன் போட்டால் அத்தா இன்னும்
"பொண்ணு டாக்டருக்குப் படிக்குது" என்கிறார்.
பொதுச் சுகாதாரம் என்று திருத்தினால்
கொசு மருந்து அடிப்பாயா என்பார்கள்.
அடிப்பேன் என்று சொல்ல ஆசை.

கேள்வி ஒன்பது:
வேலை நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?
முப்பத்தொரு பேர் ஐந்து லிட்டர்.
ஒரே பேனா, ஒரே சாய்வு.

கம்பி கட்டும் மாசிலாமணி அண்ணன்
தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்:
"தண்ணி குடுக்காம இல்லம்மா, ஐஸ் போட்டே குடுக்குறாங்க.
நான் நிக்கிறது பத்தொன்பதாவது மாடி.
கக்கூஸ் கீழ. லிஃப்ட் சாமானுக்கு.
குடிச்சா இறங்கணும்,
இறங்கினா எங்க போனேன்னு கேப்பான்.
அதான்,
வாயை மட்டும் நனைச்சுக்கிறது."

என் படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள்.
மதிய இடைவேளை இருந்தது, நிழல் இருந்தது,
உப்புக்கரைசல்கூட இருந்தது.
மாடி இல்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் நினைவு வந்தது:
அத்தா கிரேன் ஆபரேட்டர்.
விடிவதற்குள் ஏறினால் அந்தக் கண்ணாடிக் கூண்டிலேயே பகல்.
பையில் எப்போதும் இரண்டு பாட்டில்,
ஒன்று நிறைந்தது, ஒன்று காலி.
காலிப் பாட்டிலை மேலே போய் நிரப்பிக்கொள்வார் என்று
பள்ளிக்கூட வயதிலிருந்து நினைத்திருந்தேன்.
அதை மட்டும் உம்மா ஏன் தனியே கழுவுகிறாள் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

இருபத்து மூன்றாவதைக் கையால் எழுதினேன்:
கழிப்பறை எத்தனை மாடி கீழே?

அதிகாலை நாலு மணி.
டீயோடு அட்டையையும் அத்தா முன் வைத்தேன்.
கண்ணாடி இல்லாமல் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.
விரல் மூன்றில் நின்றது,
பிறகு என்னைப் பார்த்தார்,
பிறகு மெல்ல ஆறுக்கு நகர்ந்தது.

கீழே கம்பெனி பஸ் ஹாரன்.
இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு
இறங்கிப் போனார்.