தீர்மான நோட்டு, பக்கம் நாற்பத்தொன்று

"உறுப்பினர் நம்புகனி
தாமாகவே ஒதுங்கிக்கொண்டார்."
எழுதியது நான்தான்.
சின்னப்பாலம் பாசி மகளிர் குழுவில்
கையெழுத்து குண்டாக வரும் ஒரே ஆள் என்பதால்
நோட்டும் என்னிடம், சீல் கட்டையும் என்னிடம்.

திங்கட்கிழமை மண்டபத்திலிருந்து ஆபீசர் வருகிறார்.
ஞாயிறு ராத்திரி, கரண்டு போன பிறகு
செல்போன் வெளிச்சத்தில் வாசித்துப் பார்க்கிறேன்.
வாக்கியத்தில் பிழை இல்லை.
எழுவாய் இருக்கிறது. பயனிலை இருக்கிறது.
பொய் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதென்றுதான்
பிடிபடவில்லை.

ஒதுங்குவது எங்களுக்குத் தினப்படிச் சொல்.
மழைக்கு ஐஸ் கம்பெனி வாசலில் ஒதுங்கினோம்.
லாரி வருது, ஒதுங்குடி.
விடியுமுன்னே உடங்காட்டுக்குள் ஒதுங்கிவிட்டு வந்தோம்.
கச்சான் அடித்ததால் வள்ளம் தீவோரம் ஒதுங்கியது.
எல்லாம் சரி.

போன மாசம் ஆமை கரை ஒதுங்கியது என்றார்கள்.
செத்த ஆமை எப்படி ஒதுங்கும்?
ஓட்டின் மேல் புரொப்பல்லர் வெட்டு இருந்தது.
அதையும் அப்படியேதான் எழுதினார்கள்.

கனி என்ன செய்தாள்?
மரிக்கொழுந்துப் பாசி ரெண்டு சாக்கு.
ஏஜெண்டு தராசில் முப்பத்தொன்று.
அதே சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டுபோய்
ஐஸ் கம்பெனித் தராசில் போட்டாள், முப்பத்தெட்டு.
"ஏழு கிலோ எங்கண்ணே?"
அமல்தாஸ் அண்ணன் வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கினார்.
(இந்த வாக்கியமும் சரி.)
"அந்தப் பொம்பள இருக்க வரைக்கும்
ஒங்க சரக்கு எனக்கு வேணாம்."

மறுநாள் நாலரை மணிக்கு
கண்ணாடி, காலில் தட்டு, விரல்களில் துணி எல்லாம் கட்டிக்கொண்டு
இடுப்பளவுத் தண்ணீரில் அவள் நடந்து வந்தாள்.
வள்ளத்தில் பன்னிரண்டு பேர் இருந்தோம்.
"எடமில்ல கனி" என்றது யார் என்று எனக்குத் தெரியும்.
நான் வாய் திறக்கவில்லை.
காலை மட்டும் கொஞ்சம் அகலமாக நீட்டிக்கொண்டேன்.

ஒதுங்கு. ஒதுக்கு.
நடுவில் ஒரே ஒரு மெய்யெழுத்து.
ங் என்றால் அவள் போனாள்.
க் என்றால் போகவைத்தோம்.
திருந்து திருத்து, அடங்கு அடக்கு என்று
எட்டாம் வகுப்பில் ஜோடி ஜோடியாக ஒப்பித்திருக்கிறேன்.
இப்படி ஒரு ராத்திரிக்கு அது வரும் என்று
டீச்சரும் சொல்லவில்லை.

வேற்றுமையும் பார்த்துப் போட வேண்டும்.
கனிக்கு ஒரு பங்கு ஒதுக்கினோம் என்றால்
அது பிரியம்.
கனியை ஒதுக்கினோம் என்றால்
அது நாங்கள்.

"ஒதுக்கப்பட்டார்" என்று போடலாமா?
கௌரவமான சொல். ஆபீசருக்குப் பிடிக்கும்.
யார் செய்தது என்று அது யாரையும் கேட்காது.
"ஏஜெண்டு ஒதுக்கினார்"?
பாதி உண்மை.
அவர் வள்ளத்தில் ஏறவே இல்லையே.

பேனாவில் எழுதியதை அழிக்க முடியாது.
ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் இனிஷியல் போட்டு
கீழே எழுதினேன்:
"ஏஜெண்டு சொன்னார் என்பதற்காக
உறுப்பினர் நம்புகனியை ஒதுக்கினோம்.
வள்ளத்தில் இடம் இருந்தது."

காலையில் கூட்டத்தில் வாசித்தேன்.
கொஞ்ச நேரம் காக்காய்ச் சத்தம் மட்டும் கேட்டது.
"பென்சில்ல எழுதியிருக்கலாம்ல" என்றாள் செசிலியா.
ராக்கு மதினி சேலையை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.
தானாகவே ஒதுங்கினாள்.
இதை அப்படியே எழுதலாம்.
ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு கனி வீட்டுக்குப் போனேன்.
கூலிக்கு யாருடைய நண்டு வலையையோ பிரித்துக்கொண்டிருந்தாள்.
நெற்றியில் விழுந்த முடியைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு
வாசி என்றாள்.
வாசித்தேன்.
இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.
ஒரு நண்டுக்கால் வலையில் முறிந்தது.
"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.
"பதினாறு நாள் கூலி.
அத எந்த நோட்டுல எழுதுவ?"