கூட வருபவை

செம்பனை லோரிகள் பதினொன்று
மில்லு வாசலில் நிற்கின்றன.
குலை வெட்டி நாளானால்
எண்ணெயில் புளிப்பு ஏறும், விலை இறங்கும்.
எடைமேடைக் கணினி சொல்கிறது:
குறிப்பிட்ட கூறு கிடைக்கவில்லை.

கூறு அங்கேதான் இருக்கிறது.
கைருலுக்குத் திரையில் தொட்டுக் காட்டினேன்,
இதோ கோப்பு, இதோ அளவு.
"அடா, தாப்பி தா அடா" என்றான்.
இருக்கு, ஆனா இல்ல.

நேற்றிரவு பகாவ் டவுனில்
முடிவெட்டும் கடைக்கு மேலே என் அறையில்
இதே நீட்சி ஓடியது.
லோரி நம்பர், குலைக் கணக்கு, பழுக்காதது எத்தனை,
எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன.
என் கணினியில் எல்லாமே முன்பே இருந்தது,
என்றைக்கோ இறக்கி
நான் மறந்துபோனவை உட்பட.
சொந்த அடுப்படியில் யாரும்
உப்பு எங்கே என்று கேட்பதில்லை.

பிழைச்செய்தி ஒரு வெகுளி.
இல்லாதவனின் பெயர் அதற்குத் தெரியாது.
அவனை நம்பி வந்து
வாசலில் விழித்து நிற்பவனைப் பிடித்து
இவன் இல்லை என்கிறது.

முதல் லோரியின் லோகநாயகம்
ஜன்னலில் தலையை நீட்டினார்:
"என்ன யோகேஸ், அட்டெண்டன் வரலியா?"
சரியாகத்தான் கேட்டார்.
வண்டி வந்துவிட்டது.
கூட வரவேண்டிய ஆள்தான் வரவில்லை.

தராசோடு பேசுவது நான் எழுதியதல்ல.
அது இன்னொன்றின் மேல் நிற்கிறது,
அது வேறொன்றின் மேல்.
பகிர்வு நூலகம் என்று பெயர்;
பகிர்ந்துகொள்ள
யாராவது முதலில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு கூத்தும் இருந்தது.
பழைய சம்பளக் கணக்கு நிரல் ஒன்று
அதே பெயரில் ஒரு கிழட்டுப் பதிப்பை
முன்வரிசையில் உட்கார வைத்துப் போயிருந்தது.
கூப்பிட்டால் அதுதான் எழுந்து வருகிறது.
எங்கள் டவுனில் மூன்று சுப்ரா:
லோரி சுப்ரா, கேஸ் சுப்ரா, கோர்ட் சுப்ரா.
என்னுடையதற்கும் ஒரு பட்டப்பெயர் வைத்தேன்,
உரிமம் இடம் தருகிறதா என்று
இரண்டு தரம் படித்துவிட்டு.

கைருல் காப்பி வாங்கி வந்தான்,
பிளாஸ்டிக் பையின் கழுத்தில் கயிறு சுற்றி.
நாசி லெமாக் தாப்பாவ்:
சோறு, சம்பால் தனி, நெத்திலி தனி,
பாதி முட்டை, ஒரு கரண்டி.
மில்லில் கரண்டி இருக்குமே என்று
மாக் சூ ஒருநாளும் நம்பியதில்லை.

நானும் எல்லாம் சேர்த்துக் கட்டினேன்.
நாலு எம்பி, முப்பத்தொன்று ஆயிற்று.
இரண்டே முக்காலுக்கு முதல் லோரி ஏறியது.
பதினான்கு டன் அறுநூற்று இருபது.
லோகநாயகம் சீட்டைப் பார்க்காமலே
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ராத்திரி, மெனேஜரின் ஆப்பிளுக்குக் கட்டியதை
அவிழ்த்துப் பார்த்தேன்.
அதன் வயிற்றில் என் விலாசம்:
யோகேஸ்வரி, மேசை, புதுசு, புதுசு இரண்டு, கடைசி.
மெனேஜர் வீட்டுக்குப் போய்
என் மேசையைத் தேடியிருக்கும், பாவம்.
சுரண்டிவிட்டு எழுதினேன்:
எங்கும் அலையாதே.
நீ நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பார்.
கேட்டு கேமராவின் லினக்ஸ் பெட்டிக்கும்
அதே வரி, வேறு எழுத்துகளில்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தவர்
உரிமக் கோப்பில் எழுதியிருந்தார்,
கூலி வேண்டாம், என் பெயரை எடுக்காதே.
எந்த ஊரோ. செம்பனை பார்த்திருப்பாரோ என்னவோ.
மூன்று பொதியிலும் வைத்திருக்கிறேன்.
யாரும் திறக்கப்போவதில்லை.

ஆப்பிளில் மட்டும் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.
மெனேஜர் சிரம்பான் போயிருக்கிறார்,
திங்கள்தான் வருவார்.