தொண்ணூறு பார்

வாயு இருந்தது.
தஞ்சாவூர் சாலை டிப்போவில், பனி பூத்த குழாய்களுக்குள்.
பிடித்துவரப் பாத்திரம்தான் இல்லை.

"முங்குற சிலிண்டர் எத்தனை வச்சிருக்கீங்க?"
நாகை ஆஸ்பத்திரியிலிருந்து
தில்லைநாயகி சிஸ்டர் கேட்டபோது
காரைக்காலில் நிலக்கரிக் கப்பலின் அடிவயிற்றில்
கொட்டலசு சுரண்டிவிட்டு ஏறி
காதுத் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
பதினொன்று, என்றேன்.
ஒன்றில் வால்வு ஒழுகும். பத்து.

எண்ணெய் ஆகாது.
விரல்ரேகை அளவு கிரீஸ் போதும்,
தூய ஆக்சிஜன் அதை நெருப்பாக எடுத்துக்கொள்ளும்.
பிச்சைக்கனி இரண்டு நாள்
வெந்நீரும் சோப்புத்தூளுமாகக் கழுவினான்,
தலைக்கும் எண்ணெய் வைக்காமல்.
வெளிப்பாளையம் லேத்தில் அமானுல்லா
சோப்புத் தண்ணீர் விட்டே பித்தளை கடைந்தான்.
மூன்றாவது இணைப்புதான் பொருந்தியது.
காசு வேண்டாமென்றான்.
பொருந்தாத இரண்டையும் மேசையில் நிறுத்தி
வெகுநேரம் திட்டினான்.

மஞ்சள் உடம்புக்குக் கறுப்பு, தோளுக்கு வெள்ளை.
காய்வதற்குள் ஏற்றியதில்
என் சட்டையும் கொஞ்சம் மருத்துவமாயிற்று.

டிப்போவில் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி
மெல்ல மெல்ல நிரப்பினார்கள்.
அவசரப்பட்டால் கொதிக்கும்.
நூற்றைம்பது பார் வரை அழுத்தம்.
பத்து மீட்டர் ஆழத்தில்
எனக்கு அது முக்கால் மணி நேரம்.
கட்டிலில் கிடப்பவருக்கு, நிமிடத்துக்கு ஆறு லிட்டர்,
ஐந்து மணி நேரம்.
அசையாமல் இருப்பதில்
இவ்வளவு லாபம் இருக்கிறதென்று
அன்றுதான் கணக்குப் பார்த்தேன்.

வைகாசி. ஆற்றில் மணல் மட்டும்.
சிஸ்டரின் அப்பா பொதுப்பணித்துறை லஸ்கர்;
வாய்க்கால் மதகைத் திருகித் திருகி
முறை வைத்துத் தண்ணீர் விட்டவர்.
மகள் குமிழைத் திருகுகிறாள்:
ஒன்பதாம் கட்டிலுக்கு நாலு,
பதினாலுக்கு ஆறு,
பதினேழு கொஞ்சம் தாங்கும், விடியட்டும்.
கடைமடை என்ற சொல்லை
யாரும் சொல்லவில்லை.

பதினாலில் அறுவடை மெஷின் ஓட்டுகிற
கச்சனம் கலியமூர்த்தி.
முகமூடியை விலக்கிக் கேட்டார்,
"கடல் வாசம் வருமா தம்பி?"
கழுவிட்டோம்ணே, என்றேன்.
"அடடா" என்றார்.

கடலில் ஒரு விதி.
ஐம்பது பார் மிச்சம் இருக்கும்போதே
மேலே வந்துவிட வேண்டும்.
இன்னொரு விதி.
கூட வருபவனுக்குக் காற்று தீர்ந்தால்
உன் வாயிலிருப்பதைக் கொடு,
பிறகு யோசி.

கலியமூர்த்தி
தொண்ணூறு பார் மிச்சம் வைத்துப் போனார்.
சிஸ்டர் குமிழை மூடினாள். முள்ளைப் பார்த்தாள்.
வாயில் துணி கட்டிய நானும் அவளும்
அந்தத் தொண்ணூறைத்
தாழ்வாரத்தில் உருட்டிக்கொண்டு போனோம்.
ஒரு சக்கரம் கீச்சிட்டது.
எண்ணெய் விட முடியாது.

ஆவணியில் மறுபடி கப்பலடி.
மறுபடி வெறுங்காற்று, அதே கறுப்பு வெள்ளைச் சிலிண்டர்.
பெயின்ட் மாற்றலையா என்றான் பிச்சைக்கனி.
மாற்றலாம், என்றேன்.
கலங்கல் தண்ணீர். கையே தெரியவில்லை.
சுரண்டிக்கொண்டே போனவன்
முள் தொண்ணூறைத் தொட்டபோது
என்னவோ நின்றுவிட்டேன்.
குமிழிகள் மட்டும் மேலே போயின.

மேலிருந்து கயிறு இரண்டு தரம் அசைந்தது.
இருக்கியா என்று அர்த்தம்.

ஒரு தரம் இழுத்தேன்.