இருநூற்றுப் பதினோராம் எண்

சட்டம் வருவதற்கு முன்
என் இடுப்புக் கயிற்றில் ஒரு சாவி தொங்கும்.
பிரசவ வார்டின் பின்கதவுச் சாவி.
காசு கட்டாத தாய்மார்கள்
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடக்கூடாதென்று
இரவில் நான்தான் பூட்டுவேன்.
சம்பளச் சீட்டில் நர்ஸ் என்றுதான் போட்டிருந்தது.

ஆயின்போகா பத்தொன்பது நாள் கிடந்தாள் அங்கே.
அவள் புருஷன் நான்கு கினிக்கோழிகளைக்
கால்கட்டிக் கொண்டுவந்து
கணக்கர் மேசைமேல் வைத்தான்.
மூன்றுக்குத்தான் மதிப்புப் போட்டார்கள்.
நான்காவது நொண்டியாம்.

பிறகு அக்ராவிலிருந்து சட்டம் வந்தது.
லாரியில் வந்தது,
மேளத்தோடு, இலவச டி-சர்ட்டோடு.
அட்டை இருந்தால் போதும், காசு வேண்டாம்
என்று ஒலிபெருக்கி மூன்று மொழியில் கத்தியது.
மேட்ரன் அசிபி சாவியைக் கழற்றி
டிராயருக்குள் எறிந்தாள்.
அன்றிரவு வீட்டுக்கு நடக்கையில்
இடுப்பு லேசாக இருந்தது.
அழுதேன் என்று சொல்லமாட்டேன்.
ஹர்மட்டான் மாதம். கண்ணெல்லாம் புழுதி.

மறுநாள் வந்தார்கள்.
இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்?
ஆறு வருஷம் மார்பில் கட்டியைச்
சொல்லாமல் சுமந்தவள்.
சாணி பூசிப் பூசிக் கறுத்துப்போன ஒரு கால்.
வலி என்றால் காசு என்று பழகியதால்
வாயே திறக்காத கிழவர்கள்.
எண்பது பேர் வந்த இடத்தில் இருநூறு பேர்.
நாங்கள் நாலு பேர்.
மழைக்காலத்தில் மூன்று பேர்:
லரிபா லெஸ்டருக்குப் போய்விட்டாள்.
போனில் ஒருநாள் அலமாரியைத் திறந்து காட்டினாள்,
பெட்டி பெட்டியாகக் கையுறை.
நகைக்கடையைப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.

ஆளுக்கொரு படிவம். படிவத்துக்கு நாலு நகல்.
நாடி பார்க்கும் விரலில் கார்பன் மை.
பிறந்த குழந்தை ஒன்றின் நெற்றியில்
என் கட்டைவிரல் நீலமாய்ப் பதிந்துவிட,
மச்சம் என்று நினைத்து
தாய் அதற்கொரு முத்தம் கொடுத்தாள்.
நான் துடைக்கவில்லை.

படிவங்கள் திரும்பி வந்தன.
‘வயது இல்லை.’
வெட்டுக்கிளி வந்த வருஷம் பிறந்தேன் என்றார் அவர்.
நான் அறுபத்தொன்று என்று போட்டு அனுப்பினேன்.
‘கையெழுத்து பொருந்தவில்லை.’
மூன்றாம் முறை அனுப்பும்போது
அவருக்குப் புதைகுழியும் மூடியாகிவிட்டது.

தமாலேயில் ஒரு பயிற்சி வகுப்பு.
திரையில் ஒரு கோடு மேலே மேலே ஏறியது.
மக்கள் பயன்பாடு மூன்று மடங்கு என்றார் அதிகாரி.
நர்ஸுகள் எத்தனை மடங்கு என்று கேட்டேன்.
சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான், பகையில்லை.
பிறகு சாப்பாடு வந்தது.

எட்டு மாதமாகப் பணம் வரவில்லை.
மருந்து அலமாரியில் பாரசிட்டமால்,
அதற்குப் பின்னால் பல்லி.
ஒரு பெண் அட்டையைத் தூக்கிப் பிடித்து
‘இது செத்துப்போச்சா?’ என்றாள்.
அட்டைக்கு ஒன்றுமில்லை, அம்மா.
அது நன்றாக இருக்கிறது.

பழைய காலமே தேவலை என்று
யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.
அவர்கள் பூட்டியதில்லை.
எல்லாம் சரியாகிவிட்டது என்றால்
அதற்கும் வரும்.
இரண்டு கோபத்தையும் வைத்துக்கொண்டு
எந்த ஊர்வலத்தில் போய் நிற்பது?

நேற்று பொழுது சாயும்போது
இருநூற்றுப் பதினோராம் எண் என்று கூப்பிட்டேன்.
ஆயின்போகா.
முதுகில் தொங்கவேண்டிய வயது தாண்டியவன்
முதுகில் தொங்கினான், காய்ச்சலில்.
மலேரியா. மருந்தை வெளியே வாங்கச் சொல்லவேண்டும்.
அதை எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே
நெற்றியில் கை வைத்தேன்.

அவள் என் இடுப்பைப் பார்த்தாள்.
அதே கயிறு.
யாரும் எடுத்துப்போகாமலிருக்க
இப்போது அதில் பேனாவைக் கட்டியிருக்கிறேன்.
ஒன்றும் சொல்லவில்லை அவள்.
வாசலை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

வயது என்ற கட்டத்தில்,
இந்த வேலைக்கு வந்து முதல் தடவையாக,
யாரையும் கேட்காமல் எழுதினேன்.